முதல் சேதி யாருக்கு?

2021 டிசம்பர் 17 இரவு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இளம்பெண்கள் பெருந்திரளாக உட்கார்ந்துவிட்டார்கள். ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் அவர்கள். இரண்டு நாட்களுக்கு முன் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் சேதி பரவியது. அது பொய், ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் மறுப்பு வந்தபோது அதை நம்ப யாரும் தயாராக இல்லை. விடிந்த பிறகும் சாலை திறக்கவில்லை. ஆலை மூடப்பட்டது.

பிறகு நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் 29-இல் ஆப்பிள் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. தொழிலாளர் தங்கிய அறைகளும் உணவுக்கூடங்களும் தன் தர அளவுகளுக்கு ஏற்ப இல்லை என்றும், ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாகவும் சொன்னது. பாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது. உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியமைப்பதாகவும், மூடியிருக்கும் நாட்களுக்கும் சம்பளம் தருவதாகவும் அறிவித்தது. 2022 ஜனவரி 12-இல் ஆலை மீண்டும் இயங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். மாநில அரசின் சிப்காட் நிறுவனம் அதை 706.50 கோடி ரூபாயில் கட்டியிருந்தது. திறப்பு விழாவுக்குப் பாக்ஸ்கான் தலைவர் யங் லியூ நேரில் வந்திருந்தார். முடிவு நல்லதுதான், அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் அந்த இரண்டு நாட்களைப் பற்றி நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆப்பிள் இருப்பது கலிபோர்னியாவில், பாக்ஸ்கானின் தலைமையகம் தைவானில். ஆட்களில் பலரை வேலைக்கு எடுத்தது ஒப்பந்ததாரர்கள். விடுதியும் சமையலும் வேறு ஆட்கள் கையில். “என் தோழி எப்படி இருக்கிறாள்?” என்று ஒரு பெண் கேட்டால், இந்தச் சங்கிலியில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஒவ்வொரு கண்ணியிலும் பேச ஆள் இருந்தாலும், அவரவர் தமக்கு அடுத்த கண்ணியைக் கை காட்ட முடியும். உலகமயம் மக்கள் தொடர்புப் பணியில் கொண்டுவந்த பெரிய மாற்றமாக நமக்குப் படுவது இதுதான். பேசுவதற்கான கருவிகள் பெருகிவிட்டன. பதில் சொல்ல வேண்டியவர் தூரப் போய்விட்டார்.

மக்கள் தொடர்பு அலுவலர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமாதான். ‘நாடோடி மன்னன்’ காலத்தில் பிலிம் நியூஸ் ஆனந்தன் தொடங்கி வைத்த வேலை அது. இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தின் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். இருவரும் யாருக்காகப் பேசினார்களோ, யாரிடம் பேசினார்களோ, அந்த இரு தரப்பையும் முகம் தெரிந்து அறிந்தவர்கள். ஒரு சேதி தவறாகப் போய்விட்டால் மறுநாள் காலை யாரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1991-க்குப் பிறகு பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே பன்னாட்டு ஏஜென்சிகளும் வந்தன, உள்ளூர் ஏஜென்சிகளை வாங்கின. தொழில் ஒழுங்குபட்டது, பயிற்சி வந்தது, நெருக்கடி வந்தால் யார் என்ன செய்வது என்ற முன்திட்டங்கள் எழுதப்பட்டன. இவை உண்மையான வளர்ச்சி. கூடவே ஒரு குறையும் வந்தது. சென்னையில் எழுதும் ஒரு பத்திச் செய்திக் குறிப்பு, வேறொரு நாட்டு வழக்கறிஞரின் மேசை வரை போய் ஒப்புதல் வாங்கி வர வேண்டியதாயிற்று. அங்கே இரவென்றால் இங்கே காத்திருக்க வேண்டியதுதான். வதந்தி யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாத் தாமதமும் மறைக்கும் நோக்கத்தால் வருவதல்ல. பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்று ஓரிடத்தில் ஒன்று சொல்லி வேறிடத்தில் வேறு சொன்னால் பங்குச் சந்தை விதிகள் குறுக்கே வரும். “வருந்துகிறோம்” என்ற சொல்லே நாளை நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக வாசிக்கப்படும் என்ற பயம் சட்டப் பிரிவுக்கு உண்டு. சரிபார்க்காமல் சொன்ன ஓர் எண் பின்னால் மாறினால் “பொய் சொன்னார்கள்” என்ற பழியும் வரும். அவசரம் என்பதற்காக அரைகுறையாகச் சொல்வதும் பொறுப்பல்ல. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் கேள்வி போய்விடவில்லை. காத்திருக்கும் சிரமம் ஏன் எப்போதும் அருகில் இருப்பவர் தலையிலேயே விழுகிறது?

ஒரு விதியைப் பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்களைப் பற்றி முதன்மை ஊடகங்களில் வதந்தி வந்து, அதனால் பங்கு விலை கணிசமாக அசைந்தால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்கிறது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி. 2024 ஜூனில் முதல் 100 நிறுவனங்களுக்கும், அந்த ஆண்டு டிசம்பரில் 250 வரைக்கும் இது நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. முதலீட்டாளரின் பணம் பாதுகாக்கப்பட வேண்டியதுதான். ஆனால் விடுதியில் இருக்கும் பெண்ணுக்கோ ஆலைச் சுவருக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவருக்கோ இப்படி ஒரு கெடு எங்கும் எழுதப்படவில்லை. பங்கு விலையை அசைக்கும் வதந்திக்கு ஒரு நாள் கெடு. ஓர் ஊரையே அசைக்கும் வதந்திக்குக் கெடுவே இல்லை.

கொடைக்கானலின் கதை வேறு விதம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் அங்கே இடம் பெயர்ந்தது. பிறகு யூனிலிவர் குழுமத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்ததை முன்னாள் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்த பின், 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதி மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலேறியது. தங்கள் உடல்நலம் கெட்டதாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். பாதரசத்தால் அப்படி ஆனதற்கு ஆய்வுகளில் சான்றில்லை என்று நிறுவனம் சொன்னது. மனுக்கள், வழக்கு, குழு அறிக்கைகள் என்று ஆண்டுகள் ஓடின.

2015 ஜூலை 30 அன்று, விளம்பரத் துறையில் பணியாற்றிய சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாடலை வெளியிட்டார். மெட்டு அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜுடையது. மினாஜே அந்தக் காணொலியைத் தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். சில நாட்களில் அதைப் பார்த்தவர்கள் பல லட்சம் பேர். யூனிலிவரின் உலகத் தலைவர் பால் போல்மன், தீர்வுக்கு முயன்று வருவதாக ட்விட்டரிலேயே பதில் எழுதினார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்களின் வாரிசுகளோடும் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது நிறுவனம். பதினைந்தாண்டுப் போராட்டத்தின் பலன் என்றனர் தொழிலாளர்கள்.

பாட்டால் மட்டும்தான் உடன்பாடு வந்தது என்று சொல்லிவிட முடியாது; வழக்கும் பேச்சும் முன்பிருந்தே நடந்தன. பாட்டுக்குப் பங்கே இல்லை என்பதும் சரியல்ல. நாம் கவனிக்க வேண்டியது வேறு. கொடைக்கானலில் தமிழில் பல ஆண்டு சொல்லப்பட்டது, ஆங்கிலத்தில் உலகுக்குக் கேட்ட பிறகே தலைமையகத்திலிருந்து நேரடியாகப் பதில் வந்தது. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற சுத்திகரிப்பு அளவு போதாது, வளர்ந்த நாடுகள் இதை ஏற்குமா என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கேட்டார்கள். அறிவியல் வாதம் எப்படி முடிந்தாலும் அந்தக் கேள்வியை இனி எந்த மக்கள் தொடர்பு அலுவலரும் தவிர்க்க முடியாது. ஊருக்கு ஊர் வேறு தரம் வைத்திருந்தால் ஊருக்கு ஊர் வேறு விளக்கம் தர வேண்டிவரும். இரண்டு விளக்கமும் ஒரே கைப்பேசித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆனால் உலகின் பார்வை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு பல்லாண்டாகக் குவிந்து கிடந்தது. அதன் பெயர் எந்தச் சோப்பு உறையிலும் இல்லை, எந்த வெளிநாட்டுப் பங்குதாரர் கூட்டத்திலும் யாரும் அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. புகழ் பெற்ற பெயரைத் தொட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்றால், பெயரில்லாத ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு யார் பாடுவார்கள்? வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை நன்றியோடு ஏற்கலாம். அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

உண்மை தன் பக்கம் இருந்தாலே போதும் என்று நினைக்கும் நிறுவனத்துக்கு மேகி நல்ல பாடம். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் ஈயம் அளவு மீறியதாக அறிக்கை வர, 2015 ஜூன் 5-இல் நாடு முழுக்க மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெற உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அன்றுதான் மேகியைத் தயாரிக்கும் நெஸ்லேயின் உலகத் தலைவர் பால் பல்க் டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அதற்கு முந்தைய வாரங்களில் மக்கள் கேட்டதோ “என் பிள்ளைக்குத் தரலாமா, கூடாதா?” என்ற ஒரே கேள்வி. நிறுவனம் தன் ஆய்வகச் சோதனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடை இயற்கை நீதிக்கு மாறானது என்று ரத்து செய்து, மறுசோதனைக்கு உத்தரவிட்டது. சோதனையில் தேறி, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. இந்தியாவிலிருந்து போன மேகியைச் சோதித்துப் பார்த்த சிங்கப்பூரும் பிரிட்டனும் அதில் ஆபத்தில்லை என்றே சொல்லியிருந்தன. அதாவது ஐந்து மாத இழப்பில் ஒரு பகுதி, சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் வீட்டு மொழியில் சொல்லாததால் வந்தது. அரசு அமைப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. சோதனை முறையில் குறை இருந்தால், அவசர அறிவிப்பு மக்களைக் காப்பதற்குப் பதில் குழப்பிவிடும்.

எல்லை கடந்த திறமை தீங்குக்கும் பயன்படும். லண்டனின் மக்கள் தொடர்பு நிறுவனமான பெல் பாட்டிங்கர், சகாரன்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா போய்ச் செல்வாக்குப் பெற்ற குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக வேலை செய்தது. அந்தப் பிரசாரம் தென்னாப்பிரிக்காவின் இனப் பிளவைக் கிளறியது என்ற புகார் எழ, 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்புத் தொழில் சங்கமே பெல் பாட்டிங்கரை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலக, அந்த மாதத்திலேயே நிறுவனம் சரிந்தது. தான் வாழாத ஊரின் புண்ணைத் தொடுவது சுலபம். அதன் வலி தனக்குத் தெரியாது. அந்தச் சங்கம் தன் தொழிலைத் தானே தண்டித்தது பாராட்டத் தக்கது. இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும் 1958-லிருந்து இருக்கிறது, நெறிமுறைகளும் உண்டு. அவற்றை மீறியவரைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் துணிவு நம் நாட்டிலும் வளர வேண்டும்.

கூடிப் பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின், 2022-இல் திண்டுக்கல் உடன்படிக்கை உருவானது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், எச் அண்ட் எம் போன்ற வாங்கும் நிறுவனங்களும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் அதில் கையெழுத்திட்டன. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தையல் தளத்திலேயே குறைகளைக் கேட்கும் ஏற்பாடு வந்தது. நிறுவனத்துக்கு வெளிநாட்டு நற்பெயர் வேண்டும், தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒரே மேசையில் சந்தித்தன. குறை கேட்பவர் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது, சேதி கடல் கடந்து சுற்றி வரத் தேவையில்லை.

இதிலிருந்து நாம் ஒப்புக்கொள்ளக்கூடிய நடுவழி ஒன்று தெரிகிறது. நடந்தது என்ன என்பதையும் தவறு யாருடையது என்பதையும் பிரித்துக்கொள்வோம். தவறு யாருடையது என்று ஆராய நேரம் எடுக்கட்டும். தலைமையகமும் வழக்கறிஞர்களும் நிதானமாகப் பார்க்கட்டும். ஆனால் எத்தனை பேர் மருத்துவமனையில், எந்த மருத்துவமனை, யாரைத் தொலைபேசியில் கேட்கலாம், தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பன போன்ற உயிர் சார்ந்த தகவல்களை, யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் சில மணி நேரத்துக்குள் சொல்லும் அதிகாரம் உள்ளூரில் இருக்கும் ஒருவருக்கு எழுத்துமூலம் தரப்பட வேண்டும். இதைச் சொல்வதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று அந்த ஆவணத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சேதி ஊடகத்துக்குப் போகும் முன் தொழிலாளர் குடும்பத்துக்குப் போகட்டும். கல்யாணப் பத்திரிகையை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் தாய்மாமன் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

மொழியிலும் இதே கவனம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் இன்று தமிழ் மட்டும் போதாது. இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தொழிலாளர்கள் ஏராளம். ஆங்கிலக் குறிப்பை நள்ளிரவில் யாரோ அவசரமாக மொழிபெயர்த்து அனுப்பும் தமிழ், வாசகருக்கும் புரியாது, செய்தியாளருக்கும் உதவாது. அந்த மொழிகளில் எழுதத் தெரிந்தவர்களை ஏஜென்சிகள் நிரந்தரமாக வைத்துக்கொள்வது செலவுதான், ஆனால் ஒரு நாள் ஆலை நின்றால் ஆகும் செலவைவிடக் குறைவு.

இது நிறுவனங்களின் கடமை மட்டுமல்ல. போராடும் அமைப்புகள், சான்றுள்ள புகாரையும் சந்தேகத்தையும் தனித்தனியே சொன்னால் அவற்றின் சொல்லுக்கு வலு கூடும். பெரிதுபடுத்திய ஒரே ஒரு எண் பொய்யானாலும், உண்மையான நூறும் அதோடு சேர்ந்து அடிபடும். ஊடகங்கள் முதல் நாள் வதந்திக்குக் கொடுத்த இடத்தை மறுநாள் திருத்தத்துக்கும் கொடுக்கலாம். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்குச் சொன்ன பதில் தாலுகா நிருபருக்கும் அதே நேரத்தில் வேண்டும் என்று வற்புறுத்தலாம். அரசு, மறுப்பு வெளியிடுவதோடு நிற்காமல், மக்கள் நம்பும் முகங்களைப் பேச வைக்கலாம்: சிகிச்சை தரும் மருத்துவர், தொழிற்சங்க நிர்வாகி, ஊராட்சித் தலைவர். நம் பங்கும் சிறிதல்ல. குழுவில் வந்த சேதியை அனுப்புவதற்கு முன், அதில் பெயர் சொல்லப்பட்ட இடத்தில் நமக்குத் தெரிந்த ஒருவரையாவது கேட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால், பாதி வதந்தி அங்கேயே நின்றுவிடும்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழிற்பேட்டைகள் உள்ள மாவட்டங்களின் ஆட்சியர்கள் நிறுவனங்களையும் ஒப்பந்ததாரர்களையும் தொழிற்சங்கங்களையும் உள்ளூர்ச் செய்தியாளர்களையும் ஒரு நாள் ஒன்றாக அழைத்தால் போதும். நெருக்கடி வந்தால் முதல் ஆறு மணி நேரத்தில் யார், எந்த மொழியில், யாரிடம் பேசுவது என்று இரண்டு பக்கத்தில் எழுதி அனைவரும் கையெழுத்திடலாம். அந்தத் தாள் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் ஒட்டப்படட்டும், தொலைபேசி எண்ணோடு. நீங்கள் அப்படி ஓர் ஆலையில் வேலை செய்பவராகவோ அதற்குப் பக்கத்தில் வசிப்பவராகவோ இருந்தால், அந்த எண் எது என்று நாளையே கேளுங்கள்.